கொட்டாது என்று நான் சொன்னது குறித்து

1. இக்கடிதத்தை எழுதுபவனாகிய நான், சொத்துப் பத்திரங்களும் உடன்படிக்கைகளும் வரைவதைத் தொழிலாகக் கொண்ட வழக்கறிஞன். தங்கள் மகளை மணக்கவிருக்கும் (என்று இந்த நிமிடம் வரை நான் நம்பிக்கொண்டிருக்கும்) பையனின் தந்தை. தெளிந்த நினைவோடும், எவருடைய வற்புறுத்தலும் இன்றியும் இதை எழுதுகிறேன்.

2. 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி' என்பதை என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "முதல் வரியிலேயே பொய்யா?" என்று கேட்டதால், அச்சொற்றொடரை நீக்கியதாகக் கொள்ளவும்.

3. இக்கடிதத்தைப் பெறுபவராகிய தாங்கள் பல் மருத்துவர், பெண்ணின் தந்தை, இதில் பேசப்படும் சம்பவத்தில் வலது உள்ளங்கையில் கொட்டு வாங்கியவர். 'வாங்கியதாகச் சொல்லப்படுபவர்' என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அடித்தது தெரியும்படியே விட்டிருக்கிறேன். ஏனெனில் இக்கடிதம் முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

அன்பும் பெருமதிப்பும் உடைய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், சம்பந்தியம்மா அவர்களும், பெண்ணும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நலமா என்று கேட்கவில்லை. தங்களிடம் கேள்வி என்று எதையும் கேட்கும் தகுதியை நான் இழந்துவிட்டேன். இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது மரியாதை. உண்மையில் இங்கு நலமாக இருப்பது அந்தப் பூச்சி ஒன்றுதான். நேற்றுக்கூடப் பின்முற்றத்துச் சுவரோரமாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அது நடந்து போனதை ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தாங்கள் மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்தது, திருமணத்துக்குப் பிறகு பிள்ளைகள் இருவரும் குடியிருக்கப்போகும் மாடி அறையைப் பார்ப்பதற்காக. அன்று தாங்கள் கேட்ட கேள்விகள் யாவும் ஒரு தகப்பன் கேட்கக்கூடிய எளிய, நியாயமான கேள்விகள். அவற்றுக்கு நான் அளித்த பதில்களை இப்போது எழுத்தில் பார்க்கும்போது எனக்கே கூசுகிறது. "இந்த ஜன்னல் திறக்குமா சம்பந்தி?" என்றீர்கள், "திறக்காது என்று சொல்வதற்கில்லை" என்றேன். "மேல தண்ணி நல்லா வருமா?" என்றீர்கள், "வரவில்லை என்று இதுவரை புகார் எதுவும் எழவில்லை" என்றேன். சம்பந்தியம்மா அவர்கள் சிரித்துக்கொண்டே, "தம்பி எங்க பொண்ணை நல்லா பாத்துப்பாரா?" என்று கேட்டதற்கு, பெற்ற மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, "அவனுக்கு எதிராக என்னிடம் ஆதாரம் ஏதும் இல்லை" என்றேன். என் தொழில் அப்படி. 'ஆம்' என்ற ஒரு சொல்லை அஜாக்கிரதையாக எழுதியதால் வீட்டையே இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் ஒரு 'எனினும்' வைத்தே பழகிவிட்டது. நீதிமன்ற வளாகத்தில் என்னை 'எனினும் ஐயா' என்று முதுகுக்குப் பின்னால் அழைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். படியிறங்கும்போது தாங்கள் என் தோளில் கை போட்டு, "சம்பந்தி, உங்க வாயிலேர்ந்து ஒரு ஆமாம், ஒரு இல்ல வாங்கறதுக்குள்ள நான் ரெண்டு கடவாப்பல்லைப் பிடுங்கிடுவேன் போங்க" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் ரோஷம் இருந்தது என்பதை இங்கே பதிவு செய்வது அவசியம்; பின்னால் நடந்தவற்றுக்கு வித்து அதுதான்.

பின்முற்றத்தில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, சுவரோரமாக, எதுவும் முளைக்காத ஒரு மணல் திட்டு உண்டு. அங்கேதான் தங்கள் மகள் அதை முதலில் பார்த்தாள். "அப்பா, இங்க பாருங்களேன், எவ்ளோ அழகா இருக்கு!" என்றாள். அழகாகத்தான் இருந்தது. எறும்பைப் போன்ற உடல்வாகு, ஆனால் எந்த எறும்பும் அவ்வளவு ஆடம்பரமாக உடுத்தி நான் கண்டதில்லை. கறுப்பு வெல்வெட்டின் மேல் செக்கச்செவேல் என்று இன்னொரு வெல்வெட்டை ஒட்டுப்போட்டுத் தைத்ததுபோல் உடம்பெல்லாம் ரோமம். பட்டப்பகலில், யாருக்கும் பயப்படாமல், அத்தனை பேர் குனிந்து பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் மணலில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு சின்ன உயிர் அவ்வளவு பளிச்சென்று உடுத்திக்கொண்டு அவ்வளவு தைரியமாக நடந்தால் அதற்கு ஏதோ ஒரு பலம் பின்னால் இருக்க வேண்டும் என்று, கட்சிக்காரர்களைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோடும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மழை விட்ட பிறகு புல்லில் ஊருமே, சிவப்புப் பட்டுப்பூச்சி, குழந்தைகள் தீப்பெட்டிக்குள் வைத்துக் கொஞ்சுவார்களே, அது என்று முடிவு கட்டினேன். மழையே பெய்திருக்கவில்லை. பட்டுப்பூச்சி மெல்ல ஊரும், இதுவோ ஓடிற்று. பட்டுப்பூச்சியின் உடம்பில் கறுப்பு என்பதே கிடையாது, இதில் பாதி கறுப்பு. இவ்வளவும் என் கண்ணெதிரே சாட்சியாக நின்றன. ஒன்றைக்கூட நான் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஆயுள் முழுக்க விசாரித்தவன், விசாரிக்க வேண்டிய ஒரே இடத்தில் சும்மா இருந்துவிட்டேன்.

தாங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "இது கொட்டுமா சம்பந்தி?" என்றீர்கள். உடனே தங்கள் மகளிடம் திரும்பி, "இப்ப பாரு, உங்க மாமா அரைப் பக்கத்துக்கு ஒரு பதில் சொல்லுவார். கடைசியில கொட்டுமா கொட்டாதான்னு நமக்குத் தெரியாது" என்றீர்கள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வரப்போகும் மருமகள் முதன்முதலாக நம்மைப் பார்த்துச் சிரிப்பது நம் கோழைத்தனத்துக்காக என்றால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நிமிர்ந்து நின்றேன். "கொட்டாது" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே சொல். முன்னால் 'எனக்குத் தெரிந்தவரை' இல்லை, பின்னால் 'என்று நம்பப்படுகிறது' இல்லை. என் மனைவி, "என்னங்க, சொல்லிட்டீங்களே!" என்று வாயில் கை வைத்தாள். என் மகன் விசில் அடித்தான். தாங்கள் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது சம்பந்தி. அதோடு நிறுத்தியிருந்தால் என்ன? "கையை நீட்டுங்க" என்றேன். அழைப்பிதழுக்காக அச்சகத்தார் கொடுத்திருந்த மாதிரி அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து மணலில் வைத்து, அதன் மேல் ஏறிய பூச்சியை, பரிசு வழங்குவது போலத் தங்கள் வலது உள்ளங்கையில் இறக்கிவிட்டேன். அது 'கிறீச், கிறீச்' என்று மெல்லிதாக ஒரு சத்தம் போட்டது. "ஏதோ கத்துதே சம்பந்தி?" என்றீர்கள். "சந்தோஷமா இருக்கு போல" என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன். கீழே விழுந்துவிடக் கூடாதே என்று, நல்ல மனிதராகிய தாங்கள், விரல்களை லேசாக மூடினீர்கள்.

அடுத்து எழுந்த ஒலியை எழுத்தில் கொண்டுவர என் தமிழுக்குச் சக்தியில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது, அது நிறுத்தியது. தாங்கள் கையை உதறியபடி பின்னால் போனீர்கள்; பின்னால் துணிக்கொடி; கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஈரப் போர்வை தங்களைத் தலையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டது; போர்வைக்குள்ளிருந்து "எடுங்க, எடுங்க" என்ற குரல் வந்ததும் என் மனைவி போர்வையை எடுப்பதா பூச்சியை எடுப்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள்; சம்பந்தியம்மா மாரடைப்பு என்று நினைத்துக்கொண்டு போர்வையின் மேலாகவே தங்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள்; என் மகன் ஐஸ் எடுக்க உள்ளே ஓடி, வாசலில் தண்ணீரில் வழுக்கி உட்கார்ந்தான். எல்லாரும் ஏதோ ஒன்றைச் செய்தார்கள். தப்பாகச் செய்தாலும் தங்களுக்காகச் செய்தார்கள். நான் ஒருவன்தான் ஒன்றும் செய்யவில்லை. நான் என்ன செய்தேன்? விசாரித்தேன்.

இனி எழுதப்போவதை நான் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். போர்வை விலகி, தாங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுருண்டு நிற்கிறீர்கள், முகம் வேர்த்துக் கொட்டுகிறது, நான் பக்கத்தில் வந்து, சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் கேட்பதுபோல, "கொட்டுச்சா, கடிச்சுதா?" என்றேன். "ஐயோ அம்மா" என்றீர்கள். "இல்ல, அதைக் கொஞ்சம் தெளிவா சொல்லுங்க. அந்தப் பூச்சிதான் கொட்டுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? கையில ஏற்கெனவே முள்ளு கிள்ளு ஏதாவது இருந்துச்சா?" என்றேன். "எந்த இடம்னு விரல் வச்சுக் காட்டுங்க" என்றேன். தாங்கள், அந்த நிலையிலும், காட்டினீர்கள். நான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்து, "அங்க ஒண்ணுமே தெரியலையே" என்றேன். அதோடாவது விட்டேனா? 'கொட்டாது' என்ற என் ஆயுளின் ஒரே தீர்ப்பு கண்முன்னே கவிழ்ந்துகொண்டிருந்தது, அதைத் தூக்கி நிறுத்த ஏதாவது கிடைக்காதா என்று துழாவிய என் நாக்குக்குக் கிடைத்தது இதுதான்: "என்ன சம்பந்தி, ஒரு எறும்புக்குப் போயி இப்படியா? தினம் தினம் ஊசி போடறப்ப, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்னு எல்லாருக்கும் நீங்கதானே சொல்றீங்க?"

சொன்னதாக நினைவு என்று எழுதப் பேனா போகிறது. சொன்னேன்.

தாங்கள் கத்துவதை நிறுத்திவிட்டீர்கள். இத்தனை நாளும் என் காதில் ஒலித்துக்கொண்டிருப்பது தங்கள் அலறல் அல்ல சம்பந்தி, அது நின்ற இடம். வலி நிற்கவில்லை என்பது தங்கள் நெற்றியைப் பார்த்தாலே தெரிந்தது. கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து, சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு, மிகவும் மெதுவாகச் சொன்னீர்கள்: "என் நாற்காலில ஒருத்தர் வந்து உக்காந்து வாயைத் திறந்து, டாக்டர் வலிக்குதுங்கறார். எந்தப் பல்லுன்னு அவருக்கே தெரியாது. எக்ஸ்ரே எடுத்தா ஒண்ணும் இருக்காது. ஆனா நான் நம்பிட்டுத்தான் விளக்கைப் போடறேன். நம்பாம ஒரு நாளும் போட்டதில்ல. நாளைக்கு என் பொண்ணு உங்க வீட்டு மாடியிலேர்ந்து இறங்கி வந்து, மாமா வலிக்குதுன்னு சொன்னா, அவகிட்டயும் சாட்சி கேப்பீங்களா?"

'அது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது' என்ற பதில் என் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "கேப்பாரு" என்றாள். "இவன் பிறக்கறப்ப, என்னங்க வலி வந்துடுச்சுன்னேன். அது அந்த வலிதான்னு எதை வச்சுச் சொல்ற, ராத்திரி சாப்பிட்டதா இருக்கலாமில்லன்னு கேட்டாரு. ஆஸ்பத்திரி வாசல்ல வச்சும் கேட்டாரு. நர்ஸு வந்து உங்களுக்குப் பையன் பொறந்திருக்கான்னு சொன்னப்புறம்தான் நம்பினாரு." இதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. தாங்கள் காரில் ஏறினீர்கள். கதவைத் திறக்க இடது கையால் தடுமாறினீர்கள். சம்பந்தியம்மா வாசல் கேட் அருகில் நின்று, "கல்யாணத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார்கள். தங்கள் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெண் பயந்து போயிருந்தாள்.

அதற்குப் பிறகு, இக்கடிதத்தைத் திருத்துவதற்கு அல்லாமல், இந்த வீட்டில் என்னோடு பேசுவோர் யாரும் இல்லை. என்னைப் பற்றிப் பேசுவோர் உண்டு. என் மகன் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்துக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படித்தான். எனக்காக அல்ல, அம்மாவுக்காக என்று முன்கூட்டியே தெளிவுபடுத்திவிட்டான். அது பட்டுப்பூச்சி அல்லவாம். எறும்பும் அல்லவாம். வெல்வெட் எறும்பு என்று பெயர் மட்டும்தானாம், பிறப்பால் குளவியாம், பெண்ணுக்கு இறக்கை கிடையாதாம், நாம் பார்த்தது பெண். மணலுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கும் மற்றத் தேனீக்கள், குளவிகளின் கூட்டைத் தேடித்தான் அப்படி அலையுமாம். தானாகப் போய் யாரையும் தொடாதாம். பிடித்தாலோ மிதித்தாலோ கொட்டுமாம். அந்தக் கொட்டின் வலி பூச்சி உலகத்திலேயே பேர்போன வலிகளில் ஒன்றாம். "ஆணுக்கு இறக்கை இருக்கு, ஆனா கொடுக்கு இல்லையாம்மா" என்று அவன் படித்தபோது, என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமலே, "அது பறந்து பறந்து விசாரிக்கும் போல" என்றாள்.

அதன் சிவப்பு நிறம் அழகுக்காக அல்ல, 'கிட்டே வராதே' என்ற எச்சரிக்கையாம். அந்தக் 'கிறீச்' ஒலி இரண்டாவது எச்சரிக்கையாம். இதைக் கேட்டபோது நான் எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சட்டப்படி பார்த்தால் அந்தப் பூச்சியின் நடத்தையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் அறிவிப்பை எல்லாரும் காணும்படி உடம்பிலேயே ஒட்டியிருந்தது. இரண்டாவது அறிவிப்பை வாய்மொழியாக, உரிய நேரத்தில் கொடுத்தது. இரண்டும் மதிக்கப்படாத பிறகே, கை மூடப்பட்ட நிலையில், தற்காப்புக்காகச் செயல்பட்டது. இரண்டு அறிவிப்புகளையும் பெற்றுக்கொண்டு, ஒன்றை அழகு என்றும் மற்றொன்றைச் சந்தோஷம் என்றும் தங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவன் நான். இந்த விவகாரத்தில் இருவரும் நேர்மையாக நடந்துகொண்டீர்கள், தாங்களும் பூச்சியும். குற்றவாளி நடுவில் நின்றவன்.

தங்களை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்று பழங்களோடு தங்கள் மருத்துவமனைக்கு வந்ததைத் தங்கள் நர்ஸ் சொல்லியிருக்கக்கூடும். கதவில் 'டாக்டர் இன்று இல்லை' என்ற பலகை. உள்ளே வரிசையாகக் கன்னம் வீங்கியவர்கள். நர்ஸ் ஒவ்வொருவரிடமும், "டாக்டருக்குக் கையில எறும்பு கடிச்சிடுச்சுங்க, வலது கை, பிடிக்க முடியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் தாடையைக் கட்டியிருந்த ஒருவர், "எறும்பு கடிச்சதுக்கா லீவு? நல்ல கதையா இருக்கே!" என்றார். வலியோடு இருப்பவர்களும் சிரித்தார்கள். அது என் வாக்கியம் சம்பந்தி. நான் சொன்னது அங்கே வந்து வேறொருவர் வாயில் உட்கார்ந்திருந்தது. பொறுக்க முடியாமல், "எறும்பு இல்லைங்க அது, குளவி. இறக்கை இல்லாத பெண் குளவி. உங்க யாரையாவது அது கொட்டியிருந்தா இப்படி உக்காந்து சிரிக்க மாட்டீங்க" என்று ஆரம்பித்து, நீதிமன்றத்தில்கூட நான் பேசியிராத வேகத்தில் அந்தப் பூச்சியின் வரலாறு முழுவதையும் சொல்லி முடித்தேன். "நீங்க யாருங்க, பூச்சி டாக்டரா?" என்றார் அவர். "இல்லைங்க. நான்தான் அதை அவர் கையில விட்டவன்" என்றேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையை எடுத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அங்கே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. அந்தக் கைக்குட்டைக்காரர் கேலியை விட்டுவிட்டு, "டாக்டர் எப்ப வருவாருங்க? எனக்கு உயிர் போகுது" என்றார். பழக்கதோஷம், "மேலா, கீழா?" என்று என் வாய் கேட்டேவிட்டது. அவர் பாவம், நம்பிக்கையோடு வாயைத் திறந்து காட்டினார். பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வரிசையாகப் பற்கள், அவ்வளவுதான். ஒன்றும் தெரியலையே என்ற சொற்கள் நாக்கில் வந்து நின்றன. அவற்றை விழுங்கிவிட்டு, "ஆமாங்க, ரொம்ப வலிக்கும்" என்றேன். சம்பந்தி, அந்த மனிதருக்கு நான் மருந்து எதுவும் தரவில்லை, பல்லைத் தொடவில்லை. ஆனால் அவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள். வேறொருவர் நம்பினால் வலிப்பவருக்கு அவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தைதானே. அதைத் தங்களுக்கு நான் கொடுக்கவில்லை. என் மனைவிக்கு ஆஸ்பத்திரி வாசலில் கொடுக்கவில்லை. பழங்களை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வாங்கிக்கொண்டார், ஆனால் கைக்குட்டையால் பிடித்துத்தான் வாங்கினார்.

ஆகவே மன்னிப்பு. இதன் முதல் வரைவில் 'தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய வலிக்கு' என்று எழுதியிருந்தேன். என் மனைவி பேனாவைப் பிடுங்கி, "ஏற்பட்டிருக்கக்கூடியன்னா என்ன? ஏற்பட்டுச்சு" என்று திருத்தினாள். இரண்டாவது வரைவில் 'இது பொறுப்பேற்பாகக் கருதப்படலாகாது' என்ற ஒரு வரி, சத்தியமாக எனக்குத் தெரியாமலே, கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது. என் மகன் படித்துவிட்டு, "அப்பா, இது மன்னிப்புக் கடிதமா, வாடகை ஒப்பந்தமா?" என்றான். இப்போது எழுதுவது நானே எழுதுவது. சம்பந்தி, உங்களுக்கு வலிச்சது. நான் நம்பல. நான் சொன்ன வார்த்தை தப்பாப் போச்சேங்கற பயத்துல, உங்க வலியைப் பொய்யாக்கப் பார்த்தேன். தப்பு முழுக்க என்னோடது. என்னை மன்னிச்சிடுங்க. அந்தப் பொண்ணு என்னைப் பாத்துப் பயந்துச்சே, அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல.

தாங்கள் வாளியின் மேல் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு இதுவே என் பதில். தங்கள் மகள் இந்த வீட்டில் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால், அது தலைவலியோ, பல்வலியோ, மனவலியோ, அது எந்த நேரமாயினும், எவ்விதக் கேள்வியும் கேட்காமல், சாட்சியோ ஆதாரமோ கோராமல், சொன்ன மாத்திரத்தில் நம்புவேன் என்று இதனால் உறுதி கூறுகிறேன். இதற்கு நிபந்தனை இல்லை, விதிவிலக்கு இல்லை. இந்த இடத்தில் என் மனைவி, "எனக்கும் சேத்து எழுதுங்க" என்றாள். சேர்த்தாயிற்று. "பழசுக்கும் செல்லும்னு போடுங்க" என்றாள். கடந்த காலத்துக்கு உறுதிமொழி கொடுப்பதில் சட்டச் சிக்கல் இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பழசுக்கும் செல்லும்.

பூச்சியைப் பொறுத்தவரை அதை நான் கொல்லவில்லை, கொல்லவும் மாட்டேன். மணல் திட்டைச் சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறேன். பிள்ளைகள் பின்முற்றத்துக்கு வரும்போது செருப்போடு வரும்படி சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் என்று பன்மையில் எழுதுவதற்குத் தங்கள் அனுமதியை எதிர்பார்க்கிறேன்.

சம்பந்தியம்மா அவர்களுக்கு என் தலைதாழ்ந்த வணக்கங்களையும், பெண்ணுக்கு என் அன்பையும் ஆசிகளையும் தெரிவிக்கவும். ஆசி பெற அவள் விரும்பவில்லை எனில் அதைத் தங்களிடமே வைத்திருக்கவும். தங்கள் கை சீக்கிரம் குணமாகி, மறுபடி விளக்கைப் போட்டு, வலியோடு வருபவர்களை நம்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தங்கள் சம்பந்தி (என்று அழைக்க இன்னும் அனுமதி உள்ளவரை)
(கையொப்பம்)

பின்குறிப்பு: உறையை ஒட்ட நாக்கை நீட்டிய நேரத்தில் தொலைபேசி அடித்தது. தங்கள் மகள். "மாமா," என்றாள், "எனக்குத் தலை ரொம்ப வலிக்குது மாமா." எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, வெயிலில் போனாயா, கண் பரிசோதித்தாயா என்று ஒரு கூட்டமே என் தொண்டையில் வந்து முட்டியது. "வலிக்கும்மா, பாவம். படுத்துக்கோ" என்றேன். "அவ்ளோதானா மாமா?" "அவ்ளோதாம்மா." "வேற ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?" "மாட்டேம்மா" என்றேன். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து தாங்கள் சிரித்தீர்கள். தொலைபேசியை வாங்கி, "சம்பந்தி, போதும், நாளைக்குக் கல்யாண மண்டபம் பாக்கப் போலாம், நீங்களும் வாங்க" என்றீர்கள். நான் அழுதேன் என்று என் மகன் சொல்கிறான், மறுக்கவில்லை. அதோடு தொலைபேசியை வைத்திருந்தால் இக்கடிதத்தை அனுப்பவே தேவையிருந்திருக்காது. ஆனால் தாங்கள்தான், "என்ன இருந்தாலும் நீங்க ஒண்ணுமே கேக்கலன்னா, பேசறது நீங்கதானான்னு பயமா இருக்கு. ஒரு கேள்வி கேளுங்க சம்பந்தி, பொண்ணுகிட்ட குடுக்கறேன்" என்றீர்கள். அனுமதி தங்கள் வாய்மொழியாகவே வழங்கப்பட்டது என்பதைப் பதிவு செய்கிறேன். சில கேள்விகள் கேட்டேன். நாலாவது கேள்வியில் தங்கள் மகள் திணறினாள். அடுத்ததில், தலைவலியே இல்லை என்றும், என்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னது தாங்கள்தான் என்றும் ஒப்புக்கொண்டாள். ஆக, கேள்வியின்றி நம்புவேன் என்று நான் உறுதி கூறி மை காய்வதற்குள் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் வலி, பொய் வலி. அது வெளிப்பட்ட நொடியில் எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை நினைத்து, மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் பட்டதைவிட அதிகமாக வெட்கப்படுகிறேன்; அந்த வெட்கத்தோடேயே மேற்கொண்டும் கேட்டேன். எனவே மேற்படி உறுதிமொழியில் 'எவ்விதக் கேள்வியும் கேட்காமல்' என்ற சொற்களை நீக்கி, 'முதலில் நம்பிவிட்டு, பிறகு கேட்டு' என்று திருத்திப் படிக்கவும்.

சாட்சிகள்:

1. மேற்படியாரின் மகன். பின்குறிப்பு உட்பட முழுவதும் படித்தேன். அழுதது உண்மை.

2. மேற்படியாரின் மனைவி. படித்தேன். 'சில கேள்விகள்' என்பது மட்டும் பொய். மருமகள் பாவம் என்று ஃபோனைப் பிடுங்கி வைத்தது நான்தான். வைத்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.